எக்ஸ்ரேயைக் கூட்டிவைக்கும் ஃபிலிம்

விமான நிலையங்களில் கைப்பைகளைச் சோதிக்கும் எக்ஸ்ரே எந்திரங்கள் சிலவற்றின் பக்கவாட்டில், ஓரம் உரிந்த ஒரு ஸ்டிக்கரை இன்றும் பார்க்கலாம். இந்த எந்திரம் ஃபிலிமைக் கெடுக்காது என்று அது உறுதி சொல்லும். ஸ்டிக்கர் பொய் சொல்லவில்லை. குறிப்பிட்ட வகை எந்திரத்தில், குறிப்பிட்ட வேகத்துக்குக் கீழ்ப்பட்ட ஃபிலிமைச் சில தடவை அனுப்பினால் கண்ணுக்குத் தெரிகிற கெடுதல் இராது என்பதுதான் அதன் பொருள். காலப்போக்கில் நிபந்தனைகள் எல்லாம் கழன்று விழுந்து, ‘ஒன்றும் ஆகாது’ என்பது மட்டும் பயணிகளிடம் தங்கிவிட்டது. இப்போது ஃபிலிம் கேமரா மறுபடியும் இளைஞர்களின் தோளில் ஏறியிருக்கிறது; கல்யாண வீடுகளில் இன்ஸ்டாக்ஸ் கேமரா கைமாறிக்கொண்டே இருக்கிறது. அதே நேரத்தில் விமான நிலைய எந்திரங்களும் வேறு தலைமுறைக்குப் போய்க்கொண்டிருக்கின்றன. ஆகவே பழைய கேள்வியைப் புதிதாகக் கேட்டாக வேண்டும். என் கட்சி இதுதான்: ஃபிலிமை எக்ஸ்ரேயிலிருந்து முழுதாகக் காக்கும் உறையோ பெட்டியோ கிடையாது. எந்திரத்துக்குள் அதை அனுப்பாமல் இருப்பது ஒன்றே பாதுகாப்பு. காரணம் எந்திரத்தின் கோளாறு அல்ல. ஃபிலிமின் இயல்பே அப்படி.

ஃபிலிமின் மேல் ஜெலட்டின் பூச்சு ஒன்று இருக்கிறது. அதில் வெள்ளி புரோமைடும் சிறிதளவு வெள்ளி அயோடைடும் சேர்ந்த நுண்படிகங்கள் கோடிக்கணக்கில் பதிந்திருக்கின்றன. ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு, அல்லது அதைச் சுற்றியே அவற்றின் பருமன். படிகத்தின் மேல் ஒளித்துகள் ஒன்று விழுந்தால் ஓர் எலக்ட்ரான் விடுபடும். அது படிகத்துக்குள் அலைந்து ஓரிடத்தில் சிக்கும். அங்கே ஒரு வெள்ளி அயனி வந்து சேர்ந்து வெள்ளி அணுவாக மாறும். கர்னி, மாட் என்ற இரு இயற்பியலாளர்கள் 1938-இல் கொடுத்த விளக்கம் இது. இன்றுவரை அடிப்படையில் நிலைத்திருக்கிறது. ஒரே ஓர் அணு போதாது. ஒரே இடத்தில் நான்கு அணுக்களாவது கூடினால்தான் டெவலப்பர் ரசாயனம் அந்தப் படிகத்தை அடையாளம் கண்டு முழுதாகக் கருப்பு வெள்ளித்துகளாக மாற்றும். தனித்து நிற்கும் ஓர் அணு நிலையற்றது. சற்று நேரத்தில் கலைந்துபோகும். ஆகவே மங்கலான ஒளியில் ஃபிலிமின் வேலை, அடியில் ஓட்டை விழுந்த பானையைச் சொட்டுச் சொட்டாக நிரப்புவது போன்றது. சொட்டுகள் மெதுவாக விழுந்தால் பானை நிரம்பவே நிரம்பாது. இரவு நேரப் படங்களுக்குக் கணக்குப்படி வருவதைவிடக் கூடுதல் நேரம் ஷட்டரைத் திறந்து வைக்க வேண்டியிருப்பது இதனால்தான்.

எக்ஸ்ரேயோ சொட்டு அல்ல, குடத்தோடு கவிழ்ப்பது. நாம் காணும் ஒளியின் ஒரு துகளில் இரண்டு, மூன்று எலக்ட்ரான் வோல்ட் ஆற்றல் இருக்கும். கைப்பையைச் சோதிக்கும் எக்ஸ்ரே குழாய் 140 முதல் 160 கிலோவோல்ட் வரையான மின்னழுத்தத்தில் இயங்குகிறது; அதிலிருந்து வரும் துகள் ஒன்றில் 50,000 எலக்ட்ரான் வோல்ட் இருப்பது சர்வசாதாரணம். ஒளித்துகளைப்போலச் சுமார் 20,000 மடங்கு! அப்படிப்பட்ட ஒரு துகள் படிகத்தில் சிக்கினால் நான்கு அணுக்கள் என்ன, தேவைக்கு மேல் எத்தனையோ மடங்கு சேர்ந்துவிடும். அதிலிருந்து தெறிக்கும் எலக்ட்ரான் பக்கத்துப் படிகங்களையும் பதம்பார்க்கும். ஒரே அடியில் வேலை முடிந்துவிடுவதால் கசிவுக்கு இடமே இல்லை. இதிலிருந்து பெறப்படும் முடிவுதான் இந்தக் கட்டுரையின் அச்சாணி. ஒளியைப் பொறுத்தவரை ஃபிலிமுக்கு ஒரு வாசற்படி உண்டு. அதற்குக் கீழே விழும் ஒளி கணக்கில் வராமல் போகலாம். எக்ஸ்ரேக்கு அந்த வாசற்படி இல்லை. சிறுகச் சிறுக நான்கு தடவை பட்டாலும், அதே அளவு ஒரே தடவையில் பட்டாலும் ஃபிலிமுக்கு ஒன்றுதான். சென்னையில் பட்டது, துபாயில் பட்டது, லண்டனில் பட்டது, திரும்பி வருகையில் பட்டது எல்லாம் டெவலப் செய்யும் நாள்வரை அப்படியே தங்கியிருந்து கூடிக்கொண்டு போகும்.

அப்படியானால் ‘ஐ.எஸ்.ஓ. 800-க்குக் கீழே பயமில்லை’ என்ற கணக்கு எங்கிருந்து வந்தது? ஐ.எஸ்.ஓ. எண் ஃபிலிமின் வேகத்தை, அதாவது ஒளிக்கு அது எவ்வளவு எளிதில் இணங்கும் என்பதைக் குறிக்கிறது. வேகமான ஃபிலிமில் படிகங்கள் பெரியவை. பெரிய படிகத்தில் துகள் மோதும் வாய்ப்பு அதிகம்; ஒரு மோதலில் கருப்பாகும் பரப்பும் அதிகம். வேகம் குறைந்த ஃபிலிமில் பாதிப்பு சிறு புள்ளிகளாகச் சிதறி, எந்த ஃபிலிமிலும் பிறவியிலேயே இருக்கும் லேசான மூட்டத்துக்குள் ஒளிந்துகொள்ளும். ஆக, 800 என்பது கெடுதல் தொடங்கும் எல்லையல்ல, கெடுதல் கண்ணில் படத் தொடங்கும் எல்லை. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் சிறியதல்ல. ஒரு தடவைக்குப் பாதுகாப்பு என்று சொல்லப்பட்ட ஐ.எஸ்.ஓ. 400 ஃபிலிம், நான்கு விமானம் மாறிப் போகும் பயணியின் பையில் அதே பாதுகாப்போடு இருப்பதில்லை.

எக்ஸ்ரேக்கு ஃபிலிம் இவ்வளவு இணங்கிப்போவது தற்செயல் அல்ல. 1895-இல் ராண்ட்ஜன் எக்ஸ்ரேயைக் கண்டுபிடித்த கையோடு மனைவியின் கையைப் படமாகப் பதித்தது புகைப்படத் தட்டில்தான். மறு ஆண்டு பெக்கரல் இழுப்பறையில் போட்டுவைத்த தட்டு வெளிச்சமே படாமல் கருத்துப்போனதிலிருந்துதான் கதிரியக்கம் என்ற ஒன்று இருப்பதே தெரியவந்தது. கதிரியக்கக் கூடங்களில் பணிபுரிவோர் சட்டையில் குத்திக்கொண்ட ஃபிலிம் பட்டை பல பத்தாண்டுகள் அவர்கள் வாங்கிய கதிரின் கணக்குப்புத்தகமாக இருந்தது. ஊட்டியில் 1960-இல் நிறுவப்பட்ட ஹிந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ், ‘இந்து’ என்ற பெயரில் கேமராவுக்குக் கருப்பு வெள்ளைச் சுருளும் ஆஸ்பத்திரிக்கு எக்ஸ்ரே ஃபிலிமும் ஒருசேரத் தயாரித்தது. இரண்டுக்கும் மூலச்சரக்கு வெள்ளி ஹாலைடுதான். எல்லாவற்றிலும் வியப்பானது கோடாக் நிறுவனத்துக்கு 1945-இல் நேர்ந்தது. அந்த ஆண்டு ஜூலையில் நியூ மெக்சிகோ பாலைவனத்தில் முதல் அணுகுண்டு சோதனை நடந்தது. அதன் தூசி ஆயிரம் மைலுக்கு மேல் மிதந்துபோய் இண்டியானா மாநிலத்தில் ஆற்று நீரில் கலந்தது. அந்த நீரில் அட்டை செய்த ஆலையிலிருந்து வந்த பொதிக்குள் வைத்த எக்ஸ்ரே ஃபிலிமில் கரும்புள்ளிகள் விழுந்தன. கோடாக்கின் இயற்பியலாளர் வெப் துப்பறிந்து, அட்டையில் கதிரியக்க சீரியம் ஒட்டியிருப்பதைக் கண்டார். குண்டு ரகசியமாக வெடித்த செய்தியைப் பெட்டிக்குள் கிடந்த ஃபிலிம் பதிவு செய்து வைத்திருந்தது. கதிரை அளக்கும் கருவியாகவே பிழைப்பு நடத்திய ஒரு பொருளைக் கதிர்வீச்சு எந்திரத்துக்குள் அனுப்பிவிட்டு, அது ஒன்றையும் கவனிக்காது என்று நம்புவது எப்படி?

இனி எந்திரங்களின் பக்கம். 1972-இன் தொடர் விமானக் கடத்தல்களுக்குப் பிறகு, அமெரிக்காவில் 1973 ஜனவரி முதல் எல்லாப் பயணிகளின் கைப்பைகளையும் சோதிப்பது கட்டாயமாயிற்று. எக்ஸ்ரே பெட்டிகள் வாசலுக்கு வந்தது அப்போதுதான். அவை ஒரு திசையிலிருந்து மெல்லிய விசிறிபோல் கதிரைப் பாய்ச்சி ஒரு நிழலுருவத்தை எடுத்துவிட்டு விட்டுவிடும். கதிரளவும் சொற்பம். பிறகு, 1985 ஜூனில் 329 பேரைப் பலிகொண்ட ஏர் இந்தியாவின் கனிஷ்கா, 1988 டிசம்பரில் ஸ்காட்லாந்தின் லாக்கர்பி ஊருக்கு மேல் குண்டு வெடித்துச் சிதறிய விமானம். இரண்டிலும் குண்டு போனது சரக்கறைக்குச் செல்லும் பெட்டியில். நிழலுருவத்தில் பிளாஸ்டிக் வெடிமருந்தையும் பாலாடைக்கட்டியையும் பிரித்தறிய முடியாது என்பதால், ஆஸ்பத்திரியிலிருந்து சி.டி. ஸ்கேன் தொழில்நுட்பம் விமான நிலையத்துக்குக் குடிபெயர்ந்தது. 1990-களின் நடுவிலிருந்து செக்-இன் பெட்டிகளை அது பார்க்கத் தொடங்கியது. பொருளைச் சுற்றிச் சுற்றிப் பல கோணங்களில் கதிர் பாய்ச்சி உள்ளடர்த்தியைக் கணக்கிடுவதால், பழைய எந்திரத்தைவிட அதன் கதிரளவு பல மடங்கு. செக்-இன் பெட்டியில் ஃபிலிம் வைக்கக் கூடாது என்ற விதி புகைப்படக்காரர்களிடையே வேதவாக்கானது அப்போதிருந்துதான்.

அந்தக் காலத்து சி.டி. எந்திரம் செய்த கெடுதலை நெகட்டிவில் நேராகக் காணலாம். அது முதலில் பெட்டியை மேலோட்டமாகப் பார்க்கும். சந்தேகப்பட்ட இடத்தில் மட்டும் கற்றையைக் குறுக்கி அழுத்தமாகப் பாய்ச்சும். லைட் பாக்ஸில் வைத்தால், ஃபிலிமின் குறுக்கே ஒரு சென்டிமீட்டர், ஒன்றரை சென்டிமீட்டர் அகலத்தில் ஒரு கரும்பட்டை ஓடும். ஃபிரேமுக்கும் ஃபிரேமுக்கும் நடுவே வெறுமையாய்த் தெளிவாக இருக்க வேண்டிய இடைவெளியிலும் அது தெரியும்; லென்ஸ் வழியாக வந்த கோளாறு அல்ல என்பதற்கு அதுவே சாட்சி. ஃபிலிம் சுருண்டு கிடந்தபோது பட்ட ஒற்றைக் கற்றை, விரித்துப் பார்க்கையில் மறுபடி மறுபடி வரும். 35 மி.மீ. கேசட்டின் விட்டம் 25 மி.மீ.தான், ஆகவே சுருளின் எந்தச் சுற்றும் எட்டு சென்டிமீட்டரைத் தாண்டாது. உள்ளே போகப்போகச் சுற்று சிறுக்கும், பட்டைகளின் இடைவெளியும் நெருங்கிக்கொண்டே வரும். கற்றை சாய்வாகப் பட்டிருந்தால் அதே பட்டை அலையலையாக நெளியும். பிரிண்ட் போட்டால் வானத்தில் வெளிறிய கோடுகள்.

பின்வந்த எந்திரங்கள் பெட்டி முழுவதையும் சுருள்பாதையில் ஒரே சீராக ஸ்கேன் செய்கின்றன. இவை பட்டை போடுவதில்லை. முழுச் சுருளின் மேலும் ஒரு மூட்டத்தைப் போர்த்திவிடுகின்றன. நிழல்கள் கருப்பாக இராமல் சாம்பல் பூத்து நிற்கும், மணிமணியாகச் சொரசொரப்பு கூடும், கலர் ஃபிலிமில் இருட்டான இடங்களில் வேண்டாத சாயல் ஏறும். என் பார்வையில் பட்டையைவிட இது பொல்லாதது. குற்றவாளியின் கைரேகை இதில் இருக்காது. படம் மங்கலாக வந்தால் லேப்காரரையோ காலாவதியான ஃபிலிமையோ திட்டிவிட்டு நகர்ந்துவிடுவோம். ‘நான் எத்தனையோ தடவை அனுப்பியிருக்கிறேன், ஒன்றும் ஆனதில்லை’ என்று அனுபவசாலிகள் சொல்லும் வாதத்துக்கு மதிப்புக் குறைவதும் இதனால்தான். அனுப்பிய சுருளையும் அனுப்பாத சுருளையும் ஒரே லேபில் ஒரே நாளில் டெவலப் செய்து அருகருகே வைத்துப் பார்த்தவர் சொன்னால் கேட்கலாம். நல்ல வெயிலில் தாராளமாக எக்ஸ்போஸ் செய்த படத்தில் மூட்டம் தெரியவே தெரியாது. அதே சுருளில் கோயில் கருவறைப் பக்கம் எடுத்த படத்தில் தெரியும்.

இன்று நடக்கிற மாற்றம், அந்த சி.டி. எந்திரம் செக்-இன் பகுதியிலிருந்து கைப்பை வரிசைக்கு வந்துவிட்டது என்பதே. அமெரிக்கா, பிரிட்டன், ஐரோப்பா என்று பல நாடுகளின் பெரிய நிலையங்களில் பழைய பெட்டிகள் அகற்றப்படுகின்றன. 2006-இல் திரவக் குண்டுச் சதி அம்பலமானபின் வந்த 100 மில்லி விதியைத் தளர்த்தவும், லேப்டாப்பைப் பையிலேயே விட்டுவைக்கவும் இவை வழிசெய்கின்றன. மற்றப் பயணிகளுக்கு வசதி, ஃபிலிம் வைத்திருப்பவருக்கு அதுவே எச்சரிக்கை: லேப்டாப்பை எடுக்க வேண்டாம் என்று சொல்லும் வரிசையில் இருப்பது பெரும்பாலும் சி.டி. எந்திரம்தான். உருளைபோல் பருத்த உடம்பைக் கொண்டும் அடையாளம் காணலாம். இந்த எந்திரத்தில் ஒருமுறைகூட அனுப்ப வேண்டாம் என்று கோடாக் சொல்கிறது. ஃபிலிமைக் கைப்பையில் வைத்துக்கொண்டு கைச்சோதனை கேளுங்கள் என்று அமெரிக்காவின் போக்குவரத்துப் பாதுகாப்பு நிர்வாகமே பயணிகளுக்கு அறிவுறுத்துகிறது. ஐ.எஸ்.ஓ. 800 என்ற பழைய கணக்கு இங்கே செல்லாது. இன்ஸ்டாக்ஸ் ஃபிலிமின் வேகமே 800 என்பதை அந்தக் கேமராவைக் கழுத்தில் மாட்டிப் போகிற பலர் அறிந்திருப்பதில்லை.

ஈயப்பை இருக்கிறதே என்பார்கள். கணக்குப் போட்டுப் பார்ப்போம். 150 கிலோவோல்ட் எக்ஸ்ரேயைப் பாதியாகக் குறைக்க ஏறத்தாழ 0.3 மி.மீ. ஈயம் வேண்டும். 0.6 மி.மீ. வைத்தால் கால் பங்கு உள்ளே போகும். முதல் படலம் மென்கதிர்களை வடிகட்டிவிட்டு வன்கதிர்களை மட்டும் விடுவதால், அடுத்தடுத்த படலங்களின் பலன் இன்னும் குறைவு. பழைய எந்திரத்தில் கால் பங்கு என்பது நல்ல ஆதாயம்தான்: நான்கு சோதனைகள் ஒன்றுக்குச் சமம். ஆனால் ஒரு சி.டி. எந்திரம் பழையதைவிட 32 மடங்கு பாய்ச்சுவதாக வைத்துக்கொண்டால், ஈயப்பைக்குப் பிறகும் எட்டு மடங்கு மிஞ்சுகிறது. அதைத் தடுக்கும் அளவுக்குத் தடிமனான பை செய்தால்? பாதுகாவலரின் திரையில் அது உள்ளே எதுவும் தெரியாத கரும்பிழம்பாக நிற்கும். பையைத் திறக்கச் சொல்வார், அல்லது இன்னொரு தடவை உள்ளே தள்ளுவார். கதிரைக் கூட்டிவிடுவார் என்று ஒரு பேச்சு உலவுகிறது. கைப்பை எந்திரங்களில் ஆபரேட்டர் மாற்றுவது பெரும்பாலும் திரையில் படத்தின் தெளிவை மட்டுமே. ஆக, கதிரை அரைகுறையாகத் தடுக்கும் பை ஃபிலிமை அரைகுறையாகத்தான் காக்கும். முழுதாகத் தடுக்கும் பை திறக்கப்படும். திறந்தபின் நடப்பது கைச்சோதனை. அதை முதலிலேயே கேட்டு வாங்கிவிட்டால் ஒரு கிலோ ஈயத்தைச் சுமக்க வேண்டியதில்லை.

இயற்பியல் படித்தவர்கள் எழுப்பும் ஆட்சேபம் ஒன்று இதைவிடக் கனமானது. உயரத்தில் பறக்கும் விமானத்தில் விண்கதிர்களால் மணிக்குச் சில மைக்ரோசீவர்ட் கதிர் படுகிறது. பத்து மணி நேரப் பயணத்தில் அது பழைய எக்ஸ்ரே பெட்டியின் ஒரு சோதனையைத் தாண்டிவிடும். பறப்பதே கெடுதல் என்றால், பெட்டியைக் கண்டு பதறுவானேன்? எண்கள் சரி, ஒப்பீடு சரியல்ல. மைக்ரோசீவர்ட் என்பது மனித உடம்புக்கான அலகு; ஃபிலிமின் கண்ணுக்கு எல்லாக் கதிரும் ஒன்றல்ல. வெள்ளியும் புரோமினும் கனமான தனிமங்கள். சில பத்தாயிரம் எலக்ட்ரான் வோல்ட் ஆற்றலுள்ள எக்ஸ்ரேயை அவை வெகு ஆவலாகக் கவ்வும், அதைவிடப் பலமடங்கு ஆற்றலுள்ள கதிர்களை ஏறக்குறைய விட்டுவிடும். அதே அளவு கதிருக்கு, இந்த எக்ஸ்ரே ஃபிலிமைப் பத்து மடங்குக்கும் மேலாகக் கருக்க வைக்கும். முன்பு சொன்ன ஃபிலிம் பட்டைகளில் செம்பு, ஈயம் போன்ற உலோகத் தகடுகளை வைத்து இந்தச் சாய்வைச் சரிசெய்ய வேண்டியிருந்தது. எதிர்க்கட்சிக்கு ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும்: ஃபிலிமின் பூச்சு மிக மெல்லியது, அதன்மேல் படும் எக்ஸ்ரேயில் பெரும்பகுதி ஊடுருவிப் போய்விடுகிறது. ஆஸ்பத்திரிகளில் எக்ஸ்ரேயை ஒளியாக மாற்றும் திரைகளுக்கு நடுவே ஃபிலிமை வைப்பது அதற்காகவே. இவ்வளவு விட்டும் எஞ்சியதுதான் நெகட்டிவில் விழுந்த அந்தக் கரும்பட்டைகள்.

பொழுதுபோக்குப் புகைப்படக்காரருக்காகப் பாதுகாப்பு வளைந்துகொடுக்க வேண்டுமா என்ற கேள்வி நியாயமானது. கைச்சோதனை என்பது சலுகையோ தளர்வோ அல்ல. வேறு கருவியால் செய்யும் சோதனை. கேசட்டின் மேல் ஒரு துணித்துண்டைத் தடவி அதைப் பகுப்பாய்வுக் கருவியில் செருகினால், வெடிமருந்தின் சுவடு இருந்தால் காட்டிவிடும். அமெரிக்காவில் இது விதியிலேயே இருக்கிறது: எக்ஸ்ரே இல்லாமல் ஃபிலிமைச் சோதிக்கக் கேட்கலாம் என்று அறிவிப்புப் பலகை வைக்க வேண்டும், கதிரளவு 1 மில்லிராண்ட்ஜனைத் தாண்டும் எந்திரமானால் எல்லா வகை ஃபிலிமையும் எடுத்துவிடச் சொல்ல வேண்டும். மற்றப் பல நாடுகளில் இது பணியில் இருப்பவரின் தீர்மானம், நம்மூரில் சி.ஐ.எஸ்.எஃப். வீரரிடம் வரிசை நீளும் முன்பே பணிவாகக் கேட்பதுதான் வழி. அவருடைய வேலையை எளிதாக்கிக் கொடுத்தால் சம்மதம் சீக்கிரம் கிடைக்கும். அட்டைப்பெட்டிகளைப் பிரித்துப் போட்டுவிட்டு, கேசட்டுகளை மட்டும் கண்ணாடிபோல் தெரியும் ஜிப் பையில் வைத்து நீட்டலாம். கேமராவுக்குள் பாதி எடுத்த சுருளை விட்டுவைக்கக் கூடாது. கேமராவை அவர் எந்திரத்தில் போட்டே தீருவார். சினிமா ஃபிலிம் டப்பாவின் கதை வேறு. வெளிச்சத்தில் திறந்தால் எல்லாம் போயிற்று. இரு கைகளையும் நுழைக்கும் கருப்புத் துணிப்பைக்குள் வைத்துத் தடவிப் பார்க்க அவர் ஒத்துக்கொள்ள வேண்டும். 2023-இல் வந்த ‘ஓப்பன்ஹைமர்’ முழுக்க ஃபிலிமில் எடுக்கப்பட்டது. படக்குழுக்களுக்கு இது இன்னும் பழங்கதையாகிவிடவில்லை. டிஜிட்டல் கேமரா வைத்திருப்பவருக்கு இந்தக் கவலை எதுவும் கிடையாது. மெமரி கார்டை எத்தனை தடவை அனுப்பினாலும் படம் அப்படியே இருக்கும்.

கேட்டும் மறுத்துவிட்டால்? மறுக்கப்படும் வாய்ப்பு உண்டு என்று கருதியே பயணத்தைத் திட்டமிடுவது நல்லது. ஃபிலிமைப் போய்ச் சேரும் ஊரில் வாங்கிக்கொள்ளலாம். எடுத்ததை அங்கேயே டெவலப் செய்துவிட்டால் ஆபத்து முடிந்தது, டெவலப் ஆன நெகட்டிவை எக்ஸ்ரே எதுவும் செய்யாது. தபாலிலோ கூரியரிலோ அனுப்புவது பலர் நினைப்பதுபோல் தப்பிக்கும் வழி அல்ல. விமானத்தில் ஏறும் பார்சலும் சோதனைக்குப் போகிறது, அதுவும் நாம் பக்கத்தில் நின்று கேட்க முடியாத இடத்தில். எந்திரத்துக்குள் போய்த்தான் ஆக வேண்டும் என்றானபின், வேகம் குறைந்த ஃபிலிமும் பழைய வகை எந்திரம் உள்ள வரிசையும் கெடுதலைக் குறைக்கும். எந்திரம் கண்ட, ஆனால் இன்னும் எடுக்காத நெகட்டிவ் சுருளை ஒரு ஸ்டாப் கூடுதலாக எக்ஸ்போஸ் செய்வது பலன் தரும். நிழல்களின் விவரம் மூட்டத்துக்கு மேலே எழும்பி நிற்கும், ஸ்கேன் செய்யும்போது கருமையை மீட்டுவிடலாம். ஸ்லைடு ஃபிலிமுக்கு இந்த வைத்தியம் பலிக்காது, கூடுதல் ஒளி அதில் வெளிச்சமான இடங்களை வெளிற வைத்துவிடும். பட்டை விழுந்த சுருளுக்கு எந்த வைத்தியமும் இல்லை.